ஆசார்ய பக்தியே உருவெடுத்த வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர்

ஸ்ரீ:



ஜவ்வாது மலைச்சாரலில், கமண்டல நதியின் அருகே, சம்புவராய மன்னர்களின் ராஜதானியாக ஒரு காலத்தில் விளங்கிய இப்படவேடு க்ஷேத்ரத்தில் யோக ராமசந்த்ர மூர்த்தியைக் கண்ணாரச் சேவித்தவர்கள் ஒரு விசேஷத்தைக் கவனித்திருப்பார்கள். பெருமாளின் திருக்கரத்தில் கோதண்டம் இல்லை, அம்பும் இல்லை. திருமார்பின்மீது ஞானமுத்திரை தரித்து, யோகத்தில் அமர்ந்து எழுந்தருளியிருக்கிறார். எதிரே ஆஞ்சநேயர் சுவடியை ஏந்தி அமர்ந்திருக்கிறார். கடலைத் தாண்டியவரும், மலையைப் பெயர்த்துக் கொணர்ந்தவருமான மாருதி, இங்கு ஏந்தியிருப்பது ஓர் ஓலைச்சுவடியை மட்டுமே. மலையைச் சுமப்பதினும் ஆசார்யனுடைய வாக்கைச் சுமப்பது அரிய கைங்கர்யம் என்பதை உணர்த்தவே பெருமாள் இவ்வாறு ஸேவை ஸாதிக்கிறார் போலும் என்று அடியேன் பலமுறை எண்ணியதுண்டு.

அவ்வாறு ஓலைச்சுவடி ஏந்திய ராமதாஸர் ஒருவர் நம்முடைய இப்பகுதியிலேயே வாழ்ந்திருக்கிறார். படவேட்டிலிருந்து ஆரணி, ஆர்க்காடு வழியாகச் சென்று பாலாற்றைக் கடந்தால் வருவது வாலாஜாபேட்டை. அச்சிற்றூரில் நெசவுத் தொழில் புரியும் மக்களுக்கு நடுவே பஜனை மந்திரம் கண்டு, அவர்களுக்கு வழிகாட்டியாக விளங்கி, தம் குருநாதரின் கீர்த்தனங்களை உலகுக்குக் காத்தளித்த ஸ்ரீ வேங்கடரமண பாகவதரின் சரிதத்தை இவ்வுற்சவ மலரில் சொல்ல நேர்ந்தது அடியேனின் பாக்கியம்.

அவதாரமும் குலமும்

பாகவதர் 1781-ஆம் ஆண்டில் அரியலூரில் அவதரித்தார். தந்தையார் குப்பைய பாகவதர். ஸௌராஷ்ட்ர மரபினர். மேற்கே லாட தேசத்திலிருந்து புறப்பட்டுப் பல தேசங்களில் தங்கி, பல அரசர்களின் ஆதரவைப் பெற்று, முடிவில் தென்னாட்டை அடைந்தவர்கள் அம்மரபினர். லாட தேசத்துப் பட்டு நெசவாளர்கள் மந்தஸோரில் ஸூர்ய பகவானுக்குக் கோயில் எடுத்த செய்தியைக் கி.பி. 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. அவர்களையே தம் முன்னோர் என்று இம்மரபினர் போற்றுவர். இல்லத்தில் ஸௌராஷ்ட்ர மொழி, வீதியில் தமிழ், ஸங்கீதத்தில் தெலுங்கு, சாஸ்திரத்தில் ஸம்ஸ்க்ருதம் என்று நான்கு மொழிகளுக்கு நடுவே வளர்ந்தவர் நம் பாகவதர்.

பின்னர் அவருடைய குடும்பம் தஞ்சாவூரை அடுத்த அய்யம்பேட்டையில் குடியமர்ந்தது. அதுவும் ஸௌராஷ்ட்ர மக்கள் மிகுதியாக வாழ்ந்த நெசவூரே. அக்காலத்தில் தஞ்சைச் சீமை முழுவதும் வித்வான்களும் பண்டிதர்களும் பாகவதர்களும் நிறைந்திருந்தனர். அவர்களுள் தலைமணியாகத் திருவையாற்றில் எழுந்தருளியிருந்தவர் ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகள். 1767-இல் அவதரித்த ஸ்வாமிகள் நம் பாகவதரினும் பதினான்கு வயது மூத்தவர். அரசவையை நாடாமல், உஞ்சவிருத்தி எடுத்து, வந்ததைக் கொண்டு ஸ்ரீராமனை ஆராதித்து, அவ்வாராதனையிலேயே கீர்த்தனங்களைப் பொழிந்து வாழ்ந்த மஹான் அவர்.

துளஸிக் கைங்கர்யம்

ஸ்வாமிகளின் மஹிமையைக் கேள்வியுற்ற பாகவதர் அவரையே தம் ஆசார்யராக வரித்துத் திருவையாற்றுக்குச் சென்றுவரத் தொடங்கினார். எடுத்த எடுப்பில் பாடம் கேட்கவில்லை; தம்மைச் சிஷ்யராக ஏற்றருள வேண்டும் என்று விண்ணப்பிக்கவும் துணியவில்லை. ஸ்வாமிகளின் ராம பூஜைக்குத் துளஸி கொண்டுவந்து சமர்ப்பிப்பதையே தம் கைங்கர்யமாக வைத்துக்கொண்டார். துளஸியைச் சமர்ப்பித்துவிட்டு ஒதுங்கி அமர்வார். மற்றச் சிஷ்யர்கள் பாடம் கேட்கும்போது செவிமடுப்பார். வாய் திறந்து ஒன்றும் பேசார்.

இவருடைய மௌனத்தைக் கண்ட சிஷ்யர்களில் சிலர் இவரை மந்தபுத்தியுடையவர் என்றே எண்ணியிருந்தனர். ஒருநாள் ஸ்வாமிகளே இவருடைய ஞானத்தைச் சோதித்தருளினார் என்றும், அதுகாறும் ஒதுங்கி அமர்ந்து செவியால் மட்டுமே பருகியிருந்த பாடங்களை இவர் ஒன்றும் பிசகாமல் ஒப்புவித்தது கண்டு அனைவரும் வியந்தனர் என்றும் பெரியோர் சொல்லிவருகின்றனர். அன்றுமுதல் ஸ்வாமிகளின் பரிபூர்ண கடாக்ஷம் இவர்மீது விழுந்தது.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். குருவின் தாய்மொழி தெலுங்கு. சிஷ்யரின் தாய்மொழி ஸௌராஷ்ட்ரம். இருவரும் வாழ்ந்தது தமிழ்நாட்டுக் காவிரிக் கரையில். குலமும் வேறு, தொழிற்சூழலும் வேறு. அவ்விருவரையும் இணைத்தது ராமபக்தி ஒன்றே. பாகவதர்களுக்குள் பேதம் பாராட்டலாகாது என்று நம் பூர்வாசார்யர்கள் அறுதியிட்ட அர்த்தத்துக்கு இதனினும் கண்கூடான ப்ரமாணம் வேண்டுமோ?

வாலாஜாபேட்டை வாசம்

பல்லாண்டுகள் குருகுலவாஸம் செய்த பின்னர் பாகவதர் வடக்கே வாலாஜாபேட்டைக்குக் குடிபெயர்ந்தார். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்த அப்பேட்டை அக்காலத்தில் பெரும் வியாபாரத் தலம். துணியும் பட்டும் சாயமும் அங்கே கைமாறின. 1866-ஆம் ஆண்டிலேயே நகராட்சி அமைந்த ஊர் அது. இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது.

பொருள் ஈட்டுவோர் கூடும் அவ்வூரிலே, பாகவதர் ஈட்ட நினைத்தது அருளைத்தான். பஜனை மந்திரம் அமைத்தார். பகலெல்லாம் தறியில் அமர்ந்து கைகால் ஓய்ந்தவர்கள், அந்தியில் அங்கே கூடி நாமஸங்கீர்த்தனம் செய்தனர். வேதம் ஓதாதவரும், சாஸ்திரம் பயிலாதவரும், ஸங்கீதத்தை முறையாகக் கற்க வசதியற்றவரும் பஜனை கோஷ்டியில் ஒருவராக அமர்ந்து தாளமிட்டுப் பாடலாம். தியாகராஜ ஸ்வாமிகள் அருளிய திவ்யநாம கீர்த்தனங்களும், உற்சவ ஸம்ப்ரதாய கீர்த்தனங்களும் இத்தகைய கோஷ்டிக்கென்றே அமைந்தவை. வித்வத் ஸபையில் ஏறும் க்ருதிகளை வித்வான்கள் காப்பாற்றினர். கோஷ்டியாகப் பாடும் கீர்த்தனங்களைக் காப்பாற்றியதில் வாலாஜாபேட்டை போன்ற சிற்றூர்களின் பஜனை மந்திரங்களுக்குப் பெரும் பங்குண்டு.

பட்டமோ பதவியோ இன்றி ஓர் ஊருக்கு ஒருவர் தலைவராவது இப்படித்தான். நல்லதற்கும் பொல்லாததற்கும் மக்கள் எவரிடம் சென்று நிற்கிறார்களோ, எவர் முன்னின்றால் பலர் பின்னிற்கிறார்களோ, அவரே அவ்வூருக்குத் தலைவர். நம் பாகவதருடைய தலைமை அவருடைய பக்தியால் வந்தது.

ராமன் நடந்துவந்த வரலாறு

குருநாதரை விட்டு 200 கிலோமீட்டருக்கு அப்பால் வந்துவிட்டாலும் பாகவதரின் நெஞ்சு திருவையாற்றிலேயே இருந்தது. ஸ்வாமிகளின் புதல்வியாரான சீதாலக்ஷ்மிக்கு விவாகம் நிச்சயமான செய்தி எட்டியது. குருவின் இல்லத்துச் சுபகாரியத்துக்குச் சிஷ்யர் எதைக் கொண்டு செல்வது? பொன்னும் பட்டும் ஸ்வாமிகளின் திருவுள்ளத்துக்கு உகந்தவை அல்ல என்பதை அறிந்தவர் ஆதலால், பாகவதர் ஸ்ரீராமனின் திருவுருவச் சித்திரம் ஒன்றைத் தயாரிக்கச் செய்தார். அதை வண்டியில் ஏற்றவும் மனம் ஒப்பவில்லை. வாலாஜாபேட்டையிலிருந்து திருவையாறு வரையில் தாமே சுமந்துகொண்டு கால்நடையாகவே சென்றார் என்பது வழிவழியாக வழங்கும் சரிதம்.

வாயிலில் வந்து நின்ற சிஷ்யரையும், அவர் ஏந்திய ராமனையும் கண்ட ஸ்வாமிகளுக்குச் சித்திரம் தோன்றவில்லை; அடியவனைக் காக்கும் பொருட்டு ராமனே நடந்து வந்துவிட்டதாகவே தோன்றியது. அக்கணமே மோஹன ராகத்தில் ஒரு கீர்த்தனம் பிறந்தது. இன்றளவும் ஸங்கீத மேடைகளில் அக்கீர்த்தனம் பாடப்படாத மாதமில்லை. அதைக் கேட்டு உருகுவோரில் எத்தனை பேர், வாலாஜாபேட்டைச் சிஷ்யர் ஒருவரின் கால்களல்லவோ அன்று புழுதியில் நடந்தன என்பதை அறிவார்கள்?

குருநாதர் எழுந்தருளியது

1839-ஆம் ஆண்டில் ஸ்வாமிகள் காஞ்சீபுரம், திருப்பதி முதலிய க்ஷேத்ரங்களைச் சேவிக்கத் திருவுள்ளம் பற்றினார். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. உஞ்சவிருத்தியன்றி வேறறியாத அம்மஹான் மேற்கொண்ட நெடும்பயணம் அது. காஞ்சியில் வரதனையும் திருமலையில் வேங்கடேசனையும் மங்களாசாஸனம் செய்த அந்த யாத்திரையில், சிஷ்யரின் ப்ரார்த்தனைக்கு இரங்கி வாலாஜாபேட்டைக்கும் எழுந்தருளினார்.

அன்று அவ்வூர் பூண்ட கோலத்தை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். தறிகள் ஓய்ந்திருக்கும், வீதிகளில் கோலமும் தோரணமும் விளங்கியிருக்கும். நாள்தோறும் எவருடைய கீர்த்தனங்களைப் பாடிவந்தார்களோ அவரையே கண்ணெதிரே காணும் பேறு எத்தனை ஊருக்கு வாய்க்கும்? அப்போது பாகவதரிடம் பயின்றுவந்த ஸதாசிவ ராவ் என்னும் சிஷ்யர், பரமகுருவை வரவேற்கும் முகமாகத் தோடி ராகத்தில் ஒரு கீர்த்தனம் இயற்றிப் பாடி ஸ்வாமிகளின் ஆசியைப் பெற்றார். அவரே பிற்காலத்தில் மைசூர் ஸமஸ்தான வித்வானாக விளங்கி, வீணை சேஷண்ணா போன்ற மேதைகளுக்கு ஆசிரியரானவர். காவிரிக் கரையில் ஊறிய ஸங்கீதம் மைசூருக்குப் பாய்ந்த கால்வாய்களுள் ஒன்று நம் வாலாஜாபேட்டை வழியாகவே சென்றது.

சுவடிக் கைங்கர்யம்

1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி, புஷ்ய பகுள பஞ்சமியன்று, அந்திமத்தில் ஸந்நியாஸம் ஏற்றிருந்த ஸ்வாமிகள் திருவையாற்றில் ஸித்தி அடைந்தார். அப்போது நம் பாகவதருக்கு அறுபத்தைந்து வயது நிறைந்திருந்தது. மற்றொருவராயின் ஆசார்யனை இழந்த துக்கத்தில் ஒதுங்கி அமர்ந்திருப்பார். பாகவதரோ தம் வாழ்வின் தலையாய காரியத்தை அவ்வயதிலும் விடாது நடத்தினார்.

அக்காரியத்தின் அருமையை உணர, அக்காலத்து நிலையை அறிதல் வேண்டும். ஸ்வாமிகள் பூஜாவேளையில் மெய்ம்மறந்து பாடுவார். எழுதி வைப்பதும், பாடம் செய்வதும் சிஷ்யர்களின் பொறுப்பு. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, எழுத்துத் தெரியும்படி மை தடவிக் கட்டி வைப்பார்கள். ஓலைக்குப் பகை அநேகம்: செல், ராமபாணம், ஈரம், தீ. அவற்றினும் கொடிய பகை, அதன் அருமை அறியாத சந்ததி. இன்னதென்று விளங்காத பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடும் வழக்கம் அந்நாளில் பல ஊர்களில் இருந்தது. ஓலை நைந்து போவதற்கு முன் புதிய ஓலையில் மீண்டும் எழுதினாலன்றி நூல் பிழைக்காது. ஸ்வாமிகளின் புதல்வியார் வழியிலும் வம்சம் நீடிக்கவில்லை. ஆகவே, சிஷ்யர்கள் எழுதியும் பாடியும் காத்திராவிடில், அத்தனை கீர்த்தனங்களும் காவிரி நீரோடு கலந்து போயிருக்கும்.

உமையாள்புரம் க்ருஷ்ண பாகவதர், ஸுந்தர பாகவதர் ஸஹோதரர்கள் ஒருபுறமும், தில்லைஸ்தானம் ராமையங்கார் ஒருபுறமும் அப்பணியை மேற்கொண்டனர். வடக்கே வாலாஜாபேட்டையில் நம் பாகவதர் மேற்கொண்டார். உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று சிஷ்ய பரம்பரைகளாக இன்றும் ஸங்கீத உலகம் போற்றுவது இவற்றையே. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் ஏறக்குறைய 700 கீர்த்தனங்களும், ப்ரஹ்லாத பக்தி விஜயம், நௌகா சரித்திரம் ஆகிய நாடகங்களும் இத்தகைய சிஷ்யர்களின் உழைப்பால் பிழைத்தவை.

பாகவதர் கீர்த்தனங்களை எழுதியதோடு நில்லாமல், ஸ்வாமிகளின் ஜீவிய சரிதத்தையும் குறித்து வைத்தார். அவருடைய குமாரர் க்ருஷ்ணஸ்வாமி பாகவதர், தந்தையார் காட்டிய வழியில் நின்று தெலுங்கில் ஸ்வாமிகளின் சரிதத்தை எழுதினார். நேரில் கண்டவர்களும், கண்டவர்களிடம் கேட்டவர்களும் எழுதியவை ஆதலின், பின்னால் ஸ்வாமிகளின் சரிதத்தை ஆராயப் புகுந்தோர்க்கெல்லாம் இக்குறிப்புகளே ஆதாரமாயின. வாலாஜாபேட்டைச் சுவடிகள் என்று அறிஞர் குறிப்பிடும் இத்தொகுதி பின்னாளில் மதுரை ஸௌராஷ்ட்ர ஸபையின் பாதுகாப்பை அடைந்தது.

பாகவதர் தாமும் ஸாஹித்யகர்த்தா. தெலுங்கிலும், ஸம்ஸ்க்ருதத்திலும், தம் தாய்மொழியான ஸௌராஷ்ட்ரத்திலும் உருப்படிகள் இயற்றியவர். தம் பாடல்களையே பரப்பித் தம் பெயரை நிலைநாட்டிக்கொள்ள அவருக்குப் புலமை போதாமையில்லை. ஆயினும் தம் எழுத்தாணியைப் பெரிதும் குருவின் வாக்கை எழுதவே பயன்படுத்தினார். தன்னை மறைத்துக்கொண்டு ஆசார்யனை விளங்கச் செய்வதே சிஷ்ய லக்ஷணம் என்பதை அவர் நூலில் படித்து மட்டும் அறியவில்லை, வாழ்ந்து காட்டினார்.

தனியனின் மஹிமை

நம் ஸம்ப்ரதாயத்தில் ஆசார்யனுடைய நூலை ஸேவிப்பதற்கு முன் தனியன் ஸேவிப்பது மரபு. சிஷ்யர் அருளிச்செய்த அந்தச் சுலோகத்தைச் சொல்லி ஆசார்யனை வணங்கிய பின்னரே நூலுக்குள் புக வேண்டும். தியாகராஜ ஸ்வாமிகளுக்கு அத்தகைய தனியனாக அமைந்தது பாகவதர் ஸம்ஸ்க்ருதத்தில் இயற்றிய த்யான சுலோகம். வேதார்த்தம் விளக்குவதில் வியாஸர், இனிய வாக்கில் வான்மீகி, பக்தியில் ப்ரஹ்லாதன், ஸங்கீதத்தில் நாரதர் என்று ஒவ்வொரு குணத்துக்கும் ஒவ்வொரு மஹானை நினைவூட்டி, அக்குணங்கள் அனைத்தும் ஒருவரிடத்தில் குடிகொண்டதாகக் குருவைப் போற்றுவது அது. ஸ்வாமிகளின் ஆராதனை வைபவங்களில் அச்சுலோகம் இன்றும் பக்தியுடன் ஓதப்படுகிறது.

இதனைக் கேட்கும்போது மதுரகவியாழ்வாரை நினையாதிருக்க இயலுமோ? நம்மாழ்வாரையன்றி வேறு தெய்வம் அறியாதவர் அவர். எம்பெருமானைப் பாடாமல் ஆசார்யனையே 11 பாசுரங்களால் பாடினார். பிற்காலத்தில் திவ்யப்ரபந்தம் மறைந்துபோன காலத்தில், ஸ்ரீமந் நாதமுனிகள் அந்தப் பதினொரு பாசுரங்களைப் பன்னீராயிரம் உரு ஸேவித்தபோதுதான் நாலாயிரமும் மீண்டது என்பது நம் குருபரம்பரை கூறும் சரிதம். பெரிய நிதியின் திறவுகோல் ஒரு சிஷ்யரின் சிறிய பாமாலையில் இருந்தது. வாலாஜாபேட்டைச் சுவடிகளையும் அடியேன் அவ்வண்ணமே கருதுகிறேன்.

1874-ஆம் ஆண்டில், தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில், பாகவதர் ராமபதம் அடைந்தார். குருவைப் பிரிந்த பின் அவர் வாழ்ந்த இருபத்தேழு ஆண்டுகளும் ஆசார்ய கைங்கர்யமாகவே கழிந்தன. திருவையாற்றில் ஸ்வாமிகளின் ஸமாதியின்மேல் பெங்களூர் நாகரத்தினம்மாள் எழுப்பிய கோயில் 1926-இல் ப்ரதிஷ்டை கண்டது. அக்கோயில் எழுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அதனுள் பாட வேண்டிய கீர்த்தனங்களை ஓலையில் ஏற்றி வைத்துவிட்டுச் சென்றவர் நம் பாகவதர்.

நாம் செய்யத் தக்கது

அடியேனின் குறை ஒன்றையும் இங்கே விண்ணப்பித்துக்கொள்ள வேண்டும். ஸம்ஸ்க்ருத பாடசாலையில் அடியேன் பயின்ற நாளில், வயோதிகரான ஆசிரியர் ஒருவர் மாலைவேளைகளில் அபூர்வமான ஸ்தோத்ரங்களை மனப்பாடமாகச் சொல்லுவார். எந்த அச்சுப் புத்தகத்திலும் அவற்றை அடியேன் பின்பு கண்டதில்லை. எழுதிக்கொள்ள ஏடும் எழுதுகோலும் கையில் இருந்தன. நாளை எழுதலாம், விடுமுறைக்குப் பின் எழுதலாம் என்று சோம்பியிருந்தேன். அவர் பரமபதித்துவிட்டார். இன்று அவற்றுள் இரண்டொரு அடிகளுக்கு மேல் நினைவில் இல்லை. வேங்கடரமண பாகவதரின் சரிதத்தை நினைக்குந்தோறும் அடியேனுக்கு வெட்கமே மேலிடுகிறது. திருவையாற்றில் அவர் ஒரு மூலையில் அமர்ந்து எதையெல்லாம் செவிமடுத்தாரோ, அதில் எதையும் நாளைக்கென்று ஒத்திவைக்கவில்லை.

ஆரணிப் பக்கத்திலிருந்து இங்கு வந்திருக்கும் நெசவுத்தொழில் அன்பர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். தறியில் ஒரு பாவு முடியும் தறுவாயில், பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பொறுமையிழந்து ஓர் இழையை விட்டாலும் அந்த இடைவெளி சேலை நெடுகத் தெரியும். குருபரம்பரை என்பதும் இவ்வாறு பிணைத்துக் காக்கப்படுவதே. அப்பணியை ஓர் ஊரில் ஒருவர் செய்தால் போதும், உலகம் உய்யும் என்பதற்கு வாலாஜாபேட்டையே சான்று.

அன்பர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பியபின், உங்கள் இல்லத்தில் தாத்தாவோ பாட்டியோ பாடும் நாமாவளி, கோலாட்டப் பாட்டு, ஊர்க்கோயில் உற்சவ வழக்கம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் எழுதி வையுங்கள். இன்று கைபேசியிலேயே குரலையும் பதிந்து வைத்துக்கொள்ளலாம். எழுத்தாணியும் வேண்டா, மையும் வேண்டா. பரணில் பழஞ்சுவடி இருந்தால் எறிந்துவிடாதீர்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். வடக்கே செல்லும் வாய்ப்பு நேர்ந்தால் வாலாஜாபேட்டை மண்ணையும் ஒருமுறை மிதித்து, அங்கு வாழ்ந்த அப்பெரியாரை நினையுங்கள்.

மீண்டும் ஒருமுறை ஸந்நிதிக்குச் சென்று யோக ராமனைச் சேவிக்கும்போது, எதிரே சுவடியுடன் அமர்ந்திருக்கும் ஆஞ்சநேயரையும் சற்றே நின்று சேவியுங்கள். ஆசார்யனுடைய வாக்கைக் காக்கும் கைங்கர்யருசி நம் அனைவருக்கும் உண்டாகுமாறு ஸீதா லக்ஷ்மண ஸமேதனான எம்பெருமான் அனுக்ரஹிப்பானாக.

சுபம்.